ஜெர்சியில் வழக்கறிஞராக: ஒரு தம்பிக்குப் பதில்

லண்டனில் பத்து வருடத்துக்கு மேல் வணிக வழக்குகள் பார்த்த சாலிசிட்டர் நான், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் ஜெர்சியிலிருந்து ஒரு சட்ட நிறுவனம் கூப்பிடுகிறது, அவ்வளவு சின்னத் தீவில் தொழில் தேங்கிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

வழக்குக்குப் பஞ்சமே இல்லை. இங்கே இருப்பது ஒரு லட்சம் சொச்சம் பேர்தான். ஆனால் பெரிய வழக்குகள் அவர்களுடையவை அல்ல. டிரஸ்ட், கம்பெனி என்று ஊர் உலகத்துப் பணம் இங்கே பதிவாகிக் கிடக்கிறது, சண்டையும் அதன் பின்னாலேயே வருகிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநகராட்சி சாலைப் பணியில் அடித்த லஞ்சக் கமிஷன், நியூயார்க் கணக்கு ஒன்றின் வழியாக, ஜெர்சியில் வங்கிக் கணக்கு வைத்திருந்த பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுக் கம்பெனிகளுக்கு வந்தது. கமிஷனில் ஒரு பகுதி நியூயார்க்கில் விழுவதற்கு முன்பே ஜெர்சிக்குப் பணம் போய்விட்டதே, அப்புறம் இது எப்படி அந்தப் பணமாகும் என்று அந்தக் கம்பெனிகள் வாதாடின. 2012-ல் ஜெர்சியின் ராயல் கோர்ட் அதை ஏற்கவில்லை. 2015-ல், ஜெர்சியின் கடைசி மேல்முறையீட்டைக் கேட்கும் லண்டன் பிரிவி கவுன்சிலும் ஏற்கவில்லை. இந்த மாதிரி வழக்கு லண்டனிலேயே எத்தனை பேர் கைக்கு வரும்?

உங்களை உறுத்தப்போவது வேறு. ராயல் கோர்ட்டில் எழுந்து வாதாடும் உரிமை ஜெர்சி அட்வகேட்டுக்குத்தான். மனுவை நீங்கள் எழுதலாம், சாட்சியைத் தயார் செய்யலாம். விசாரணை நாளில் உங்களைவிட இளைய ஒருவர் பேச, நீங்கள் பின்வரிசையில் குறிப்பு நீட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்படியே நல்ல சம்பளத்தில் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கோர்ட்டில் நிற்பதுதான் உயிர் என்றால், வேலை பார்த்துக்கொண்டே அட்வகேட் பரீட்சை எழுத வேண்டும்.

அது லேசு இல்லை. ஒப்பந்தச் சட்டத்தில் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கன்சிடரேஷன், அதாவது வாக்குக்கு ஈடாகக் கைமாறு இருக்க வேண்டும் என்ற விதி, இங்கே கிடையாது. பிரான்சின் நார்மண்டிப் பகுதியின் பழைய வழக்காறும், போத்தியே என்ற பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சட்ட அறிஞரும்தான் துணை. வீடு கைமாறுவதுகூட வெள்ளிக்கிழமை பிற்பகல் ராயல் கோர்ட் முன்னால் சத்தியம் செய்துதான். 2006 வரை அந்தப் பத்திரங்கள் பிரெஞ்சில் இருந்தன, ஆகவே கொஞ்சம் பிரெஞ்சு படித்துக்கொண்டு வந்தால் நல்லது.

வாதாடும் தோரணையும் மாறும். சட்டத்தை முடிவு செய்வது பெய்லிஃப் என்ற தலைமை நீதிபதி அல்லது அவர் இடத்தில் அமர்பவர். நடந்தது என்ன என்பதை முடிவு செய்வது ஜூரட் எனப்படும் இருவர். அவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, ஊரில் மதிப்புள்ள மனிதர்கள். முன்தீர்ப்புகளை அடுக்கினால் மட்டும் அவர்களிடம் எடுபடாது, கதையை நேராகச் சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

வருமான வரி அதிகபட்சம் 20 சதவீதம் என்று மயங்காதீர்கள், வரியில் மிச்சமாவதில் பாதியை வீட்டு வாடகை விழுங்கும். வெளியிலிருந்து வருபவர்களுக்கு வேலையும் வீடும் இங்கே பிரிவு பார்த்துத்தான்; உங்களை 'லைசென்ஸ்டு' பிரிவில் எடுக்கிறார்களா என்று உறுதி செய்யுங்கள். வெறும் 'ரெஜிஸ்டர்டு' என்றால் வீடு கிடைப்பதே திண்டாட்டம். பத்து வருடம் இருந்தால் 'என்டைட்டில்டு' ஆகிவிடலாம்.

இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஓர் இடத்தில் ஒத்துவரவில்லை என்றால் அடுத்த இடத்துக்குத் தாவுவது லண்டன் மாதிரி எளிதல்ல. பழைய கட்சிக்காரர் புதிய இடத்தில் எதிர்க்கட்சிக்காரராக இருப்பார். அதனால் கையெழுத்துப் போடும் முன், பரீட்சைக் கட்டணம், படிப்பு விடுப்பு, விலகினால் எத்தனை மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது, இம்மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.