சென்னையின் பழைய மில் தொழிலாளர் பகுதியில் வளர்ந்த சிறுவயது எப்படி இருந்தது?

நைனா பின்னி மில்லில் தறி ஓட்டியவர், மாமா ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் வெல்டர், வீடு ஓட்டேரி. இந்த மாதிரி கேள்விக்கு "எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்" என்றுதான் பலர் ஆரம்பிப்பார்கள். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. எங்கள் தெருவில் மில் வீடு, ரயில்வே வீடு என்று இரண்டு கட்சி.

ரயில்வே வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை லீவில் பாஸ் வரும், டிக்கெட் இல்லாமல் ஊர் சுற்றிவிட்டு வந்து ஒரு மாதம் அளப்பார்கள். பெண் கொடுப்பதும் முதலில் அவர்களுக்குத்தான். எங்கள் பெருமை மில்லில் நெய்த காக்கி. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போன துணி என்பதால், எந்தப் போலீஸ்காரர் தெருவில் போனாலும் "எங்க நைனா நெய்த துணி" என்று பின்னாலேயே ஓடுவோம். அப்புறம் சத்தம். வரிசையாகத் தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, கத்தலும் கை ஜாடையும் பழகிப்போய், நைனா வீட்டில் உப்பு கேட்டால்கூட சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். அக்கா வீட்டுக்காரர் முதல் நாள் சாப்பாட்டில் நிஜமாகவே பயந்துவிட்டார்.

1918-இல் இந்த மில்காரர்களை வைத்துத்தான் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது, சங்கத் தலைவர்கள் வாடியா, திரு.வி.க. பெயரெல்லாம் மே தினக் கூட்டத்தில் கேட்டே எங்களுக்கு மனப்பாடம். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தை மேடையில் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்த கதையை ஆயாதான் சொன்னது, அதுவும் அவங்க அப்பா சொல்லிக் கேட்டது. வட சென்னையில் சாதியே பார்க்க மாட்டோம் என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்புதான் வரும். தண்ணி லாரி வருகிற அன்றைக்கு நின்று பார்த்திருக்க வேண்டும்.

1996-இல் மில் மூடியதும் மில் வீட்டு ஆண்கள் ஆட்டோ, வாட்ச்மேன் வேலை என்று கலைந்தார்கள். ரயில்வே வீடுகளில் ஒன்றும் மாறவில்லை. மில் இருந்த இடத்தில் இப்போது உயர உயரமாக அடுக்குமாடி.

இரண்டு கட்சியும் கலந்த ஒரே இடம் கேரம் கிளப். 1991-இல் நம்ம சென்னைக்காரர் மரிய இருதயம் உலக சாம்பியன் ஆன பிறகு சந்துக்குச் சந்து போர்டு. ஒரு குண்டு பல்பு, சுற்றி நாலு பேர், மேலே சாய்ந்து இருபது பேர். அங்கே உங்க அப்பாவுக்கு எங்கே வேலை என்று யாரும் கேட்டதில்லை, போரிக் பவுடருக்குக் காசு கொடுத்தாயா என்று மட்டும் கேட்பார்கள்.