தேதி தப்பிய ரயிலும் தண்டாய் குடித்த மாமனாரும்

வாசகர் கேள்வி – பதில்

காசி, கயா, தில்லி என்று வடக்கே போய்வந்த வாசகர்கள், அங்கே தங்களுக்கு நேர்ந்த அசட்டுத்தனமான இடர்களை எழுதி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கடிதங்களில் வரும் மாமனார்களும் பெரியப்பாக்களும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் என்பதால், எழுதியவர்களின் ஊர்களை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: கயாவில் பிதுர்காரியம் முடித்துவிட்டு ஊர் திரும்புவதற்காக என் கணவர் 15ஆம் தேதிக்கு முன்பதிவு செய்திருந்தார். வண்டி 00.20 மணிக்கு. 15ஆம் தேதி இரவு நிதானமாகச் சாப்பிட்டு, பத்தரை மணிக்கே நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து, வண்டி வந்ததும் ஏறினோம். எங்கள் படுக்கைகளில் வேறொரு குடும்பம் போர்த்திக்கொண்டு உறங்கியது. என் கணவர் அவர்களை எழுப்பித் தமிழில் நியாயம் பேசினார். அவர்கள் இந்தியில் நியாயம் பேசினார்கள். பரிசோதகர் வந்து, எங்கள் வண்டி நேற்றே போய்விட்டது என்றார். இது எப்படி எங்கள் தவறாகும்?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் கணவர் நாளைச் சரியாகத்தான் கணக்கிட்டார், ஆனால் ரயில்வே அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. பஞ்சாங்கத்தின்படி ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை நீள்கிறது. பொழுது விடியாத வரை நமக்கு அது முந்தைய நாளின் இரவுதான். ரயில்வேயின் நாளோ இருபத்து நான்கு மணி நேரக் கடிகாரப்படி 00.00 மணிக்கே பிறந்துவிடுகிறது. ஆகவே 15ஆம் தேதி 00.20 மணி வண்டி என்பது, 14ஆம் தேதி இராச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிய கையோடு கிளம்பிப் போய்ப் பிடிக்க வேண்டிய வண்டி. கையில் முன்பதிவுச் சீட்டை வைத்துக்கொண்டே அன்றிரவு சீட்டில்லாப் பயணிகளாக ஏறியவர்கள் நீங்கள்தான் என்பதைச் சொல்வதற்கு வருந்துகிறேன். பயணியே தவறவிட்ட வண்டிக்கான உறுதிப்பட்ட சீட்டுக்குப் பணமும் திரும்பாது. நள்ளிரவு முதல் விடியற்காலை வரை புறப்படும் எந்த வண்டியாக இருந்தாலும், நாட்காட்டியில் முந்தைய நாளின் தாளில் “இன்றிரவு புறப்பாடு” என்று எழுதி வைப்பதுதான் வழி.

இதே தேதிக் குழப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வண்டி எங்கே வருகிறது என்று கைபேசியில் பார்க்கும்போது, அது தொடக்க நிலையத்திலிருந்து எந்தத் தேதியில் புறப்பட்டது என்று கேட்பார்கள். சென்னையில் இரவு பத்து மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில்தான் புது தில்லியைச் சேர்கிறது என்பதால், இரவில் சில மணி நேரம் ஒரே எண்ணுள்ள இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். தில்லியில் வரவேற்க வேண்டிய மகன் நள்ளிரவில் தேதியை மாற்றித் தட்டினால், அம்மா இன்னும் கூடூரைக்கூடத் தாண்டவில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான்.

கேள்வி: சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் சென்றோம். விசாகப்பட்டினம் வந்தபோது கண்ணயர்ந்திருந்த என் பெரியப்பா, விழித்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, வண்டி சென்னைக்கே திரும்புகிறது என்று பெட்டி முழுவதையும் எழுப்பிவிட்டார். அவர் சொன்ன தோரணையைப் பார்த்து நாலைந்து பேர் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். வண்டி உண்மையிலேயே திரும்பியதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: திரும்பியது, ஆனால் சென்னைக்கு அல்ல. விசாகப்பட்டினம் நிலையத்துக்குத் தெற்கிலிருந்து வரும் பாதையும், அங்கிருந்து விஜயநகரம் வழியாக ஹவுரா நோக்கிப் போகும் பாதையும் நிலையத்தின் ஒரே பக்கத்தில்தான் சேர்கின்றன. எனவே உள்ளே வந்த வண்டியின் முன்புறத்து எஞ்சினைக் கழற்றிவிட்டு, பின்புறத்தில் எஞ்சின் மாட்டி, வந்த முனை வழியாகவே வெளியே கொண்டுபோகிறார்கள். அதுவரை முகம் பார்த்த திசையில் பயணம் செய்தவர்கள் அதன்பின் முதுகு பார்த்த திசையில் பயணம் செய்வார்கள். கொஞ்ச தூரம் வரை பெரியப்பா வந்த வழியிலேயேதான் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியில் வெளியே கவனித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்ற மரியாதையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இதில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எஞ்சின் மாற்றச் சற்று நேரம் ஆகும் என்பதால் பலர் இட்லி வாங்க இறங்குகிறார்கள். “நம் பெட்டி எஞ்சினுக்கு அடுத்தது” என்று அடையாளம் வைத்துக்கொண்டு போனவர், பொட்டலத்துடன் திரும்பும்போது எஞ்சினைத் தேடி நடைமேடையின் எதிர்முனைக்கு ஓடுவார். பெட்டியின் எண்ணைத் தவிர வேறு எதையும் அடையாளமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: புது தில்லி நிலையத்தில் வந்திறங்கிய அம்மாவை அழைத்துப் போக மெட்ரோவில் சென்றேன். “வாசலில் நிற்கிறேன்” என்று அவரும் சொல்ல, “நானும் வாசலில்தான் நிற்கிறேன்” என்று நானும் சொல்ல, கைபேசியின் மின்சாரம் தீரும் வரை ஒருவரையொருவர் கோபித்துக்கொண்டோம்.
– வாசகர், நாமக்கல்

பதில்: இருவரும் உண்மையே பேசியிருக்கிறீர்கள். அந்த நிலையத்தில் பதினாறு நடைமேடைகள். முதலாவது நடைமேடைப் பக்கம் பஹாட்கஞ்ச் வாசல், பதினாறாவது பக்கம் அஜ்மேரி கேட் வாசல். மெட்ரோ நிலையம் இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். இடையில் மூட்டை முடிச்சுகளோடு நடைமேம்பாலம் ஏறிக் கடக்க வேண்டும். நல்லவேளையாக உங்கள் அம்மா வந்தது புது தில்லிக்கு. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்திருந்தால் அவர் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தின் வாசலில் நின்றிருப்பார்.

கேள்வி: ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரான என் மாமனார் சிரித்து நான் பார்த்ததில்லை. காசியில் கோதௌலியா அருகே, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று ஒரு கடையில் தண்டாய் வாங்கிக் குடித்தார். இளம்பச்சை நிறத்தில், ஏலக்காய் மணத்தோடு இருந்தது. ருசியாக இருக்கிறதென்று இன்னொரு குவளையும் குடித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் படித்துறையில் உட்கார்ந்தவர், படிகளை எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தவறும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்; சம்பந்தியம்மாளையும் சேர்த்து எண்ணச் சொன்னார். மறுநாள் கேட்டால், கங்கைக் கரையில் மனம் லேசாகிவிட்டது என்கிறார். உண்மையில் என்னதான் நடந்தது?
– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: பாங்கு நடந்திருக்கிறது. பால், பாதாம், சோம்பு, மிளகு, ரோஜா இதழ் முதலியவற்றை அரைத்துச் செய்யும் தண்டாய் தன்னளவில் வெறும் குளிர்பானம்தான்; குழந்தைகளும் குடிக்கலாம். ஆனால் காசியில் அதில் பாங்கு உருண்டையைக் கரைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. கஞ்சாச் செடியின் இலையை அரைத்துச் செய்யப்படுவது பாங்கு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்தச் செடியின் பிசினையும் பூத்த நுனிகளையும்தான் கஞ்சா என்று வரையறுக்கிறது. தனி இலை அந்த வரையறைக்குள் வராததால், உத்தரப் பிரதேசத்தில் அரசின் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் வெளிப்படையாகவே நடக்கின்றன. சிவனுக்கு உகந்தது என்ற நம்பிக்கையால் உள்ளூர்க்காரர்கள் அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாக நினைப்பதில்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. காசியில் தண்டாய் கேட்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று அவர் எண்ணியிருப்பார், கேட்டவரோ ஸ்ரீவில்லிபுத்தூரின் பாதாம்பாலை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பார். இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூலக்கதை: விவரம் தெரியாதவர்கள் விசாரித்துக்கொண்டு தப்பிவிடுகிறார்கள், வீட்டுப் பழக்கத்தை நம்பியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாமனாரின் இரண்டாவது குவளைதான் விவகாரத்தைப் பெரிதாக்கியது. புகைப்பதைப் போலன்றி, உட்கொண்ட பாங்கு வயிற்றின் வழியாக இரத்தத்தில் கலந்து வேலையைக் காட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். பிறகு பல மணி நேரம் இறங்காது. முதல் குவளை ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்று குடிப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஏறுகிறது. சிரிப்போடு போனது உங்கள் குடும்பத்தின் அதிர்ஷ்டம். சிலருக்குப் பயமும் படபடப்பும் வரும்; இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து உண்ணும் முதியவர்களுக்கு அது விளையாட்டல்ல. அப்படி நேர்ந்தால் அவர்களைப் படித்துறையிலும் படகிலும் விடாமல் அறைக்கு அழைத்து வந்து படுக்கவைத்து, யாராவது கூடவே இருக்க வேண்டும். நெஞ்சு படபடத்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போய், என்ன குடித்தார் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். கடையில் கேட்கும்போதே பாங்கு கலக்காதது வேண்டும் என்று சொன்னால் தனியாகத் தருவார்கள். மற்றபடி, கங்கையால்தான் மனம் லேசாயிற்று என்று மாமனார் நம்பினால் நம்பிக்கொண்டு போகட்டும். படிகளின் எண்ணிக்கையை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: காசியிலிருந்து திரும்பும் வண்டிக்காக வாராணசி சந்திப்பில் காத்திருந்தோம். அறிவிப்புப் பலகையில் எங்கள் வண்டியின் பெயரே இல்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: சீட்டில் பனாரஸ் என்று அச்சிட்டிருக்கும், பார்த்தீர்களா? ஊர் ஒன்றுதான், நிலையங்கள் பல. நீங்கள் காத்திருந்தது கேன்ட் என்று ஆட்டோக்காரர்கள் சொல்லும் வாராணசி சந்திப்பு. முன்பு மண்டுவாடி என்று இருந்த நிலையத்துக்கு 2021இல் பனாரஸ் என்று பெயர் சூட்டினார்கள். இவை போதாதென்று வாராணசி சிட்டி என்று ஒன்றும் காசி என்றே ஒன்றும் உள்ளன. நம்மவர்கள் தலைமுறைகளாக இறங்கிய முகல்சராய், 2018 முதல் பண்டிட் தீன் தயாள் உபாத்யாய சந்திப்பு ஆகிவிட்டது. அது கங்கைக்கு அக்கரையில் இருக்கிறது. நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் கிளம்பும் காசி யாத்திரையில் மட்டும்தான் இந்தத் தொல்லை இல்லை. தெருமுனைக்குள் பெண்ணின் தகப்பனார் மறித்து அழைத்து வந்துவிடுகிறார்.

கேள்வி: அனுமான் காட் அருகே தங்கியிருந்தோம். பால் வாங்கப் போன என் தம்பி சந்துகளில் சுற்றி, ஒரே மாட்டை மூன்று முறை சந்தித்து, மதியச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான். வழி கண்டுபிடிக்க உபாயம் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சந்துக்குள் வழி தேடாமல், யாரிடமாவது கேட்டு எப்படியாவது கங்கைக் கரைக்கு இறங்கிவிடச் சொல்லுங்கள். காசியின் படித்துறைகள் எல்லாம் நதியின் மேற்குக் கரையில் வரிசையாக இருக்கின்றன. தசாசுவமேத காட்டிலிருந்து நதியை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தால், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கேதார் காட்டும், அதன்பின் அரிச்சந்திர காட்டும் கடந்து அனுமான் காட் வந்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் படிகளை மூடிவிடும் என்பதால் இந்த வழி அப்போது உதவாது. அனுமான் காட், பாரதியார் இளமையில் வாழ்ந்த பகுதி. தமிழில் வழி சொல்ல ஆள் கிடைக்கும். அதுவும் வாய்க்காவிட்டால், 1863 முதல் இருந்துவரும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தை விசாரித்துப் போனால் போதும்.

கேள்வி: எங்கள் சித்தப்பா பிரயாக்ராஜில் இருக்கும் மகளுக்காக ஒரு முழுப் பலாப்பழத்தை ரயிலில் கொண்டுபோனார். நாக்பூருக்கு முன்பே அது பழுத்து மணக்கத் தொடங்கியதால், அறுத்துப் பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து, மீதியைத் தாமே தின்றார். வயிறு கலங்கியபோது வண்டி ஒரு நிலையத்தில் நின்றது. நிற்கும் வண்டியில் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்ற விதியை மதித்து அவர் நடைமேடையில் இறங்கிப் போக, வண்டி கிளம்பிவிட்டது. சங்கிலியை இழுக்கலாமா என்று நாங்கள் விவாதித்து முடிப்பதற்குள் வெகுதூரம் வந்துவிட்டோம். வேட்டியும் துண்டுமாக அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தவர், இன்றுவரை எங்களுடன் பேசுவதில்லை. இழுத்திருக்கலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவின்படி, தகுந்த காரணமின்றிச் சங்கிலியை இழுத்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பலாச்சுளை தகுந்த காரணமா என்று நீங்கள் வாதாட வேண்டியிருந்திருக்கும். உடனே பரிசோதகரிடம் சொல்லியிருந்தால், அல்லது 139 என்ற எண்ணை அழைத்திருந்தால், பின்னால் இருக்கும் நிலையத்துக்குத் தகவல் போயிருக்கும். சித்தப்பா தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. கழிவு நேரே தண்டவாளத்தில் விழுந்த காலத்தில் ஏற்பட்டது அந்த விதி. இப்போது பெட்டிகளில் பயோ டாய்லெட் பொருத்தி, கழிவை அடியிலுள்ள தொட்டியிலேயே பிடித்துவிடுகிறார்கள். அவர் காலத்தை மீறிய ஒழுக்கசாலியாக இருந்துவிட்டார்.

அவருக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லுங்கள், கோபம் தணியலாம். 1909ஆம் ஆண்டு வங்காளத்தில் ஓகில் சந்திர சென் என்ற பயணி, பலாப்பழத்தால் வயிறு ஊதிப்போய் அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியிருந்தபோது கார்டு விசிலை ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடியவர், நடைமேடையில் ஆண்களும் பெண்களும் பார்க்க விழுந்து, வண்டியையும் விட்டுவிட்டார். சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய புகார்க் கடிதம் தில்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. இந்தியப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கே அந்தக் கடிதம்தான் காரணம் என்ற கதையும் வழங்குகிறது. கார்டுக்குப் பெரிய அபராதம் விதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகைகளுக்கு எழுதிவிடுவேன் என்று அவர் கடிதத்தை முடித்திருந்தார். உங்கள் சித்தப்பா அந்த அளவுக்குப் போகவில்லை. பத்திரிகைக்கு எழுதும் வேலையை உங்களிடம் விட்டுவிட்டார் போலும்.