பழைய சிறிய கார்: பேட்டரி புதிது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகத் திணறுவது ஏன்?

பேட்டரியை மாற்றியும் 'டிக் டிக்' சத்தம்தான் வருகிறது, இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது என்றால், முதலில் எர்த் இணைப்பைத்தான், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையை கார் பாடியோடும் எஞ்சினோடும் சேர்க்கும் இணைப்பைத்தான் சந்தேகிப்பேன். நெகட்டிவ் கேபிள் பாடியிலும் எஞ்சினிலும் போல்ட் போட்டிருக்கும் இடங்களைக் கழற்றிப் பாருங்கள். துருவோ பச்சைக் களிம்போ படிந்திருக்கும். உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்த எர்த் பாதையில்தான்.

அப்புறம் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-க்குக் கீழே என்றால் பெல்ட், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் பாருங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தயவுசெய்து கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போடாதீர்கள். அடுத்து எரிவது வயர்தான்.