அம்மாவின் ரத்தத்தில் 'எம் பேண்ட்': அடுத்து என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. முழு உடல் பரிசோதனையில் குளோபுலின் 4.7 என்று வந்ததால் புரத எலக்ட்ரோஃபோரசிஸ் எடுக்கச் சொன்னார்கள். அதில் 'எம் பேண்ட், 0.9 கிராம்' என்று இருக்கிறது. மூட்டுவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. இணையத்தில் தேடினால் மைலோமா என்ற புற்றுநோய் என்று வருகிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. அந்த அறிக்கையில் ஒரு வரைபடம் இருக்கும், அதைப் பாருங்கள். சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், மின்சாரம் பாய்ச்சும்போது புரதங்கள் முந்தியும் பிந்தியும் நகர்ந்து ஆல்புமின், ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2, பீட்டா, காமா என்று பிரியும். காமாவில் இருப்பவை பெரும்பாலும் நோய் எதிர்ப்புப் புரதங்கள். காசநோய், கல்லீரல் நோய், முடக்குவாதம் இருந்தால் அவற்றில் பல வகைகள் சேர்ந்து கூடும். காமா அப்போது மேடு மாதிரி அகலமாக உயரும். இந்தப் புரதங்களைச் சுரப்பவை பிளாஸ்மா செல்கள் என்ற அணுக்கள். அவற்றில் ஒரே செல்லின் வாரிசுகள் பெருகி ஒரே புரதத்தைச் சுரந்தால் கோபுரம் மாதிரி குறுகலாக எழும். அதுதான் எம் பேண்ட்.

கோபுரம் இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அளவு டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழே, உறுப்புப் பாதிப்பும் இல்லை என்றால் அதை 'எம்ஜியுஎஸ்' என்போம். அது மைலோமாவாகவோ அதைச் சார்ந்த நோயாகவோ மாறும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான்.

ஆனால் 0.9 என்ற எண்ணை மட்டும் நம்பி விட்டுவிடவும் கூடாது. சில மைலோமாக்கள் நோய் எதிர்ப்புப் புரதத்தின் 'லைட் செயின்' என்ற சிறு துண்டை மட்டுமே சுரக்கும். அது சிறுநீரில் வெளியேறிவிடுவதால் கோபுரம் சின்னதாகவோ தெரியாமலோ போகலாம். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டையும் முக்கியமாக ஆல்புமினைத்தான் காட்டும், இதைத் தவறவிடும். அதனால் மருத்துவரிடம் இரண்டு பரிசோதனைகளைக் கேளுங்கள். இம்யூனோஃபிக்சேஷன், புரதம் எந்த வகை என்று சொல்லும். சீரம் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனையில் கப்பா, லாம்ப்டா என்ற இரண்டு வகை லைட் செயின்களின் விகிதம் வழக்கமாக 0.26 முதல் 1.65 வரை இருக்கும். சிறுநீரகம் பழுதானால் இந்த வரம்பு மாறும். கூடவே ஹீமோகுளோபின், கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின்.

ஐஜிஜி என்ற நோய் எதிர்ப்புப் புரத வகை, 1.5 கிராமுக்குக் குறைவு, விகிதமும் சரி என்றால் ஆபத்து குறைந்த பிரிவு. மற்ற முடிவுகளும் சரியாக இருந்தால் மஜ்ஜைப் பரிசோதனை பெரும்பாலும் உடனே தேவைப்படாது. 6 மாதத்தில் மறுபடி பாருங்கள், அதே ஆய்வகத்தில். கருவியும் முறையும் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், வீணாகக் கலங்குவீர்கள். பரிசோதிக்கப்பட்டது சீரம்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உறையாத ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா என்றால் அதிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதமே எம் பேண்ட் மாதிரி தெரியும்.

அப்புறம், அம்மா மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? கிரியேட்டினின் முடிவைப் பார்த்து மருத்துவர் சரி சொல்லும்வரை அது வேண்டாம். புதிதாக முதுகுவலி, மீளாத சோர்வு, நுரைத்த சிறுநீர், இதில் எது வந்தாலும் 6 மாதம் காத்திருக்காமல் ரத்தநோய் நிபுணரிடம் அழைத்துப் போங்கள்.