சுடுமல்லி புகுந்த காட்டுக்கு எந்த மக்காச்சோளம்?

கேள்வி: எங்களுக்கு வேலந்தாவளம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு. மேலே கரிசல், ஓரத்தில் சரளை. ஆடியில் போட்ட மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும் வெளுத்து நின்றுவிட்டது. தண்ணீர் விட்டாலும் வாட்டம் போகவில்லை. இப்போது செடிகளின் அடியில் சின்ன வெள்ளைப் பூவோடு ஒரு களை முளைத்திருக்கிறது. 'இது சுடுமல்லி, சோளம் போட்ட காலத்திலேயே இருந்தது' என்கிறார் அப்பா. ஆப்பிரிக்காவில் இதைத் தாங்கும் மக்காச்சோளம் வந்துவிட்டதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்த விதை கிடைக்குமா? கிடைக்காவிட்டால் என் காட்டிலேயே நன்றாக நிற்கும் செடிகளில் விதை எடுத்து நானே ஒரு ரகம் உண்டாக்க முடியுமா?

பதில்: முதலில் அப்பா சொல்வது சரியா என்று பார்த்துவிடுங்கள். வாடி நிற்கும் செடி ஒன்றைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தடயம் மண்ணுக்குள் அறுந்து தங்கிவிடும். ஒரு சாண் தள்ளி மண்வெட்டி போட்டு, மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு மெல்ல அலசுங்கள். மக்காச்சோள வேரில் வெள்ளை வெளேரென்று ஒரு தண்டு ஒட்டியிருக்கும். ஒட்டிய இடம் மிளகு போலச் சற்றுப் புடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் பச்சைச் செடி முளைப்பதற்குப் பல நாள் முன்பிருந்தே அது வேரில் ஒட்டி, தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தண்ணீர் விட்டும் வாட்டம் போகாததற்குக் காரணம் இதுதான். பூவைப் பார்த்துக் களை எடுப்பவர்கள் அந்த வருடத்து நட்டத்தைக் குறைக்க முடிவதில்லை. ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும்; அதைப் பிறகு சொல்கிறேன்.

சுடுமல்லி விதை மாவுத்தூள் போல இருக்கும், கால் மில்லிமீட்டர்கூட தேறாது. ஒரே செடி ஐம்பதாயிரத்துக்கும் மேல் விதை போடும். மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அவ்வளவு சின்ன விதையில் சேமிப்பு எதுவும் இல்லை, முளைத்த சில நாளில் ஒரு வேரைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். அதனால் பக்கத்தில் வேர் இருக்கிறது என்று தெரியாமல் அது முளைப்பதே கிடையாது. எப்படித் தெரிந்துகொள்கிறது? மக்காச்சோள வேர் கசியவிடும் ஸ்டிரிகோலாக்டோன் என்ற பொருளை வைத்துத்தான். 1966-ல் இந்த வகைப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது பருத்தி வேர்க் கசிவிலிருந்து. பயிர் தன்னைக் கெடுக்கும் களையை ஏன் எழுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு 2005 வாக்கில்தான் விடை கிடைத்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதாத மண்ணில், அதைத் தேடிக் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சையைக் கூப்பிடவே வேர் அதைக் கசியவிடுகிறது. பசித்தவன் போட்ட சத்தம் திருடன் காதிலும் விழுந்த கதை.

உங்கள் கேள்விக்கான பாதி பதில் இங்கேயே வந்துவிட்டது. மண் எவ்வளவு பசியோடு இருக்கிறதோ அவ்வளவு உரக்க வேர் கூப்பிடும். சோளத்தில் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பற்றாக்குறையும் இதே வேலையைச் செய்வதைக் கண்டிருக்கிறார்கள். ஏழை மண்ணும் சுடுமல்லியும் உங்கள் காட்டில் இரண்டு தனிப் பிரச்சினைகள் இல்லை.

இனி ஆப்பிரிக்க விதை. வீடியோ சொன்னது பொய் இல்லை. நைஜீரியாவின் இபாதானில் உள்ள ஐ.ஐ.டி.ஏ. என்ற சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1980-களிலிருந்து இதற்காகவே மக்காச்சோளத்தைத் தேர்ந்தெடுத்து வருகிறது. மக்காச்சோளம் மெக்சிகோவிலிருந்து வந்த பயிர். ஸ்டிரைகாவோடு (சுடுமல்லியும் அதன் உறவுக் களைகளும் அடங்கிய பேரினம்) சேர்ந்து வளர்ந்த பழக்கம் அதற்கில்லை. சோளத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பதால் அதில் எதிர்ப்பு ரகங்கள் முன்பே கிடைத்தன. அந்த வேலைக்காகத்தான் எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டாவுக்கு 2009-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். மக்காச்சோளத்துக்கோ அதன் காட்டு உறவான தியோசிந்தே வரை போய் எதிர்ப்பைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ரகங்களைப் பெரும்பாலும் ஊதாப் பூப் பூக்கும் ஆப்பிரிக்க ஸ்டிரைகாவை எதிர்த்து நிற்கத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நம் வெள்ளைப் பூக்காரி வேறு இனம். அங்கே ஜெயித்தது இங்கேயும் ஜெயிக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது. இறக்குமதி அனுமதியும் தாவரத் தனிமைச் சோதனையும் இல்லாமல் விதையைத் தபாலில் வரவழைப்பது சட்டப்படி குற்றம். நம்மூர்க் கடைப் பாக்கெட்டில் சுடுமல்லியைப் பற்றி ஒரு வரி இல்லாததற்கும் காரணம் உண்டு: இங்கே வீரிய ஒட்டு உண்டாக்குபவர்கள் விளைச்சலையும், இலைக்கருகல், அடிச்சாம்பல் நோய்களையும் முதலில் பார்க்கிறார்கள். 2018-க்குப் பிறகு படைப்புழுவும் சேர்ந்துகொண்டது. பாக்கெட்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிட நீங்களே சோதித்துவிடலாம். சுடுமல்லி அடர்ந்த இடத்து மண்ணை அள்ளிக் கலந்து எட்டு வளர்ப்புப் பைகளில் நிரப்புங்கள். இரண்டு வாரம் ஈரமாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் அதன் விதை கண் விழிக்காது. பிறகு நாலு ரகத்தைப் பைக்கு இரண்டு செடியாக, ரகத்துக்கு இரண்டு பை போடுங்கள். எட்டாம் வாரமும் பத்தாம் வாரமும் முளைத்த சுடுமல்லியை எண்ணி எழுதுங்கள். கடைசியில் வேரையும் அலசிப் பாருங்கள்.

எண்ணும்போது ஒரு வித்தியாசம் மனதில் இருக்கட்டும். சில ரகம் சுடுமல்லி நிறைய முளைத்தும் வாடாமல் கதிர் பிடிக்கும். அது தாங்குகிறது, அவ்வளவுதான். அடியில் விதை கொட்டி மண்ணைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். சில ரகத்தில் முளைப்பதே குறைவாக இருக்கும். அதுதான் எதிர்ப்பு. தாங்கும் ரகத்தைப் போட்டு மூன்று வருடம் நிம்மதியாக இருந்துவிட்டு நாலாம் வருடம் காட்டையே தரிசு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொந்த ரகம் உண்டாக்கலாமா? இந்த ஆசையை நான் கெடுக்கமாட்டேன். ஆனால் கடை ஒட்டிலிருந்து எடுத்த விதையில் அந்த வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையிலேயே போய்விடும், செடிகளும் ஒன்றுபோல் இருக்காது. அது தெரிந்து இறங்குகிறீர்கள் என்றால், சோதனையில் தேறிய இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து, வேறு மக்காச்சோளக் காட்டிலிருந்து 200 மீட்டராவது தள்ளி விதையுங்கள். அல்லது அக்கம்பக்கத்தாரைவிட மூன்று நாலு வாரம் முன்பின்னாகப் போடுங்கள். மகரந்தம் காற்றில் வருவது, வேலி அதைத் தடுக்காது.

எல்லாரும் தவறுவது தேர்ந்தெடுக்கும் இடத்தில். காடு முழுக்க நடந்து பெரிய கதிரை ஒடிப்பார்கள். பெரிய கதிர் எங்கே இருக்கும்? பழைய எருக்குழி இருந்த இடத்திலும் வரப்பு ஓரத்திலும். அங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது எருவை, செடியை அல்ல. காட்டைப் பத்தடிக்குப் பத்தடி கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துச் செடிகளுக்குள் மட்டும் ஒப்பிட்டு ஒன்றிரண்டை எடுங்கள். மொத்தம் இருநூறு கதிருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் ரத்த உறவில் கட்டியது போல வம்சம் நலியும். பூக்கும் நாளிலேயே அடையாள நூல் கட்டிவிடுங்கள்: உச்சியில் ஆண்பூ உதிர்க்கத் தொடங்கிய நாளுக்கும் கதிரில் பட்டுமுடி எட்டிப் பார்த்த நாளுக்கும் இடைவெளி குறைவாக உள்ள செடிகளுக்கு. பசியில் இருக்கும் செடி முடி விடத் தாமதிக்கும்; வறட்சிக்கும் குறைந்த தழைச்சத்துக்கும் ரகம் தேடுபவர்கள் இந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்காகவே சில நிலங்களில் உரமே போடாமல், தட்டையையும் அப்புறப்படுத்தி, தழைச்சத்தை வேண்டுமென்றே வற்றவைத்து அதில் தேர்வு செய்தார்கள். நீங்கள் அந்தச் சிரமம் படவேண்டாம், உங்கள் சரளை ஓரமே போதும்.

இதற்கு நாலைந்து பட்டம் பிடிக்கும். அதுவரை காட்டைச் சும்மா விட முடியாது. அடுத்த பட்டம் மக்காச்சோளமும் வேண்டாம், சோளமும் கம்பும் வேண்டாம். பருத்தியோ நிலக்கடலையோ தட்டைப்பயறோ போடுங்கள். இவற்றின் வேர் சுடுமல்லி விதையை எழுப்பிவிடும், பிடிக்கமட்டும் இடம் கொடுக்காது. அமெரிக்காவில் 1956-ல் கரோலினா பகுதியில் இந்தக் களையைக் கண்டபோது எத்திலீன் வாயுவை மண்ணுக்குள் செலுத்தி இதே ஏமாற்று வேலையைத்தான் செய்தார்கள். நமக்கு நிலக்கடலை மலிவு. மறுபடி மக்காச்சோளம் போடும்போது, சுண்ணாம்புக் கரிசலில் சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாக வீசினால் அதன் சத்தை மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், தொழுவுரத்தோடு கலந்து ஒரு மாதம் மூட்டம் போட்டு ஊட்டமேற்றி அடியில் இடுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல், ஈரம் பார்த்து 25-ம் நாளும் 45-ம் நாளும் பிரித்து வையுங்கள். 2,4-டி களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்பீர்கள். தட்டைப்பயறு ஊடுபயிராக இருந்தாலோ, பக்கத்துக் காட்டில் தக்காளியோ பருத்தியோ நின்றாலோ அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது பூத்து நிற்பதை இந்த வாரமே கையால் பிடுங்கிச் சாக்கில் போட்டு, காட்டுக்கு வெளியே எரித்துவிடுங்கள். மாட்டுக்கு மட்டும் போடாதீர்கள். அந்த விதை மாட்டின் வயிற்றில் சாகாது. சாணத்தோடு வந்து, எரு அடிக்கும் நாளில் மூன்று ஏக்கருக்கும் நீங்களே விதைத்தது போல ஆகிவிடும்.