பயிற்சி முடிந்தது, வகுப்பு மாறவில்லையே!

கேள்வி: நான் தலைமையாசிரியை. எங்களிடம் 24 ஆசிரியர்கள். ஆண்டுக்கு மூன்று முழுநாள் பயிற்சி வைக்கிறோம். எல்லோரும் குறிப்பெடுக்கிறார்கள், 'நன்றாக இருந்தது' என்கிறார்கள். அடுத்த வாரம் பார்த்தால் பழைய பாணிதான். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாலோ, இன்ஸ்பெக்‌ஷன் வந்ததுபோல் பதறுகிறார்கள். எங்கே தவறு?

பதில்: பயிற்சிக்குப் பிறகு ஒன்றும் நடக்காததுதான் தவறு. ஒரே நாளில் புது முறை காதில் விழும், கைக்கு வராது. மணி அடிப்பதற்குள் பாடத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் யாரும் பழகிய வழியில்தான் போவார்கள். அதிலும் ஒரே நாளில் ஐந்தாறு உத்திகளைச் சொல்லித்தந்தால் ஒன்றுகூட ஒட்டாது.

ஆகவே இந்தப் பருவத்துக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டபின் காத்திருப்பது அதற்கு ஏற்றது. விநாடிக் கணக்கில் அளக்கலாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பு ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்றார். பலர் கோட்டைவிடும் இடம் அதுதான். சொல்வதற்கு எளிது. மௌனம் தாங்காமல் கேள்வியையே மறுபடி கேட்போம், அல்லது முதலில் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்போம்; பெயர் காதில் விழுந்ததும் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். 'ஏழெட்டு எத்தனை' என்பதற்குக் காத்திருந்தும் பயனில்லை. யோசிக்க வைக்கும் கேள்வியாக ஒரு வகுப்புக்கு மூன்றை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இனி, இதை வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது யார்? சக ஆசிரியர். விருப்பமுள்ள ஆறு பேரை மூன்று ஜோடியாக்கித் தொடங்குங்கள். முழுப் பீரியட் வேண்டாம், 15 நிமிடம் போதும். எந்த வகுப்பு, எந்த நேரம் என்பதைப் பாடம் நடத்துபவரே சொல்லட்டும். பார்ப்பவர் கையில் ஒரு தாள்: கேட்ட கேள்வி அப்படியே, காத்திருந்த விநாடி, பதில் சொன்ன பிள்ளை உட்கார்ந்திருந்த இடம். 'நன்று', 'மேம்பட வேண்டும்' போன்ற சொல் ஒன்றுகூடத் தாளில் வரக்கூடாது. எண்ணிக்கையோடு யாரும் சண்டை போடுவதில்லை. தீர்ப்பு எழுதினால்தான் மனஸ்தாபம். அன்றைக்கே பத்து நிமிடம் பேச வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் ஆறிப்போகும். தாளைப் பார்த்து முதலில் பேச வேண்டியவர் பாடம் நடத்தியவர். அடுத்த முறைக்கு ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்துகொண்டு எழுந்துவிடலாம். தாள் அவரிடமே இருக்கும், உங்கள் கோப்புக்கு வராது. வந்துவிட்டால் அது இன்ஸ்பெக்‌ஷன்தான், வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. மூன்று சுற்று முடிந்ததும் கூட்டத்தில் 20 நிமிடம் ஒதுக்கி, எது சரிப்படவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே மற்றவர்களுக்குச் சொல்லச் செய்யுங்கள்.

பதற்றம் போக ஒரு வழி உண்டு. முதன்முதலாக நீங்களே 15 நிமிடம் பாடம் நடத்துங்கள், அவர்கள் விநாடியை எண்ணட்டும். உங்களுக்கும் ஒரு விநாடிதான் வந்தால் இன்னும் நல்லது! ஜப்பானியப் பள்ளிகளில் பாடத்தைக் குழுவாகத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்க்கும் வழக்கம் பழையது. பாடத்தில் குறை தெரிந்தால் அது குழுவின் குறை.

பெரும்பாலும் இது நின்றுபோவது ஃப்ரீ பீரியடை சப்ஸ்டிடியூஷன், அதாவது வராத ஆசிரியரின் வகுப்புக்குப் போகும் வேலை, விழுங்குவதால்தான். பார்க்கப் போகும் ஆசிரியரின் வகுப்பை அந்த 15 நிமிடம் நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். கால அட்டவணையிலேயே அதைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு மூன்று பயிற்சி நாளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி இரண்டு நாளை இரண்டு மணி நேரத் துண்டுகளாக ஆண்டு முழுக்கப் பரப்புங்கள்.