செய்தித் தேடலில் சொல்லுக்கு முன் தேதியைத் தீர்மானியுங்கள்

கூகுள் நியூஸ் போன்ற கருவிகளில் எதைத் தேடினாலும் அண்மைச் செய்திகளே வந்து குவிகின்றன, வேண்டியது மட்டும் அகப்படுவதில்லை, இதைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுரைகளில் வரும் தகவல்களைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால், இத்தகைய கருவிகளோடுதான் அன்றாடம் புழங்குகிறேன். நான் கவனித்தவரை, பெரும்பாலோர் பொருத்தமான சொல்லைக் கண்டுபிடிக்கவே மெனக்கெடுகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று வரையறுப்பதில்லை. என் முறை இதற்கு நேர்மாறானது.

செய்தித் தேடல் என்பது புதியதை முன்னே நிறுத்துவதற்காக உருவான ஏற்பாடு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பற்றிப் பல ஊடகங்கள் எழுதுவதை ஓரிடத்தில் திரட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் கூகுளில் பணியாற்றிய கிருஷ்ண பரத் வடிவமைத்த கூகுள் நியூஸ், 2002இல் வெளிவந்தது. நடந்துகொண்டிருக்கும் நிகழ்வுகளைப் பின்தொடர இன்றும் அதற்கு நிகரில்லை எனலாம். நடந்து முடிந்ததைத் தேடும்போதுதான் நாம் அதன் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, மார்ச் 29 அன்று மீட்கப்பட்டது. கப்பலின் பெயரை மட்டும் இட்டுத் தேடினால், பிந்தைய ஆண்டுகளில் அதை நினைவுகூர்ந்த கட்டுரைகளும், 2022 மார்ச்சில் அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் தரைதட்டிய எவர் ஃபார்வர்ட் கப்பலைப் பற்றிய செய்திகளும் கலந்து வரும். பெயரை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதி, அதன் பின் ஆஃப்டர் (after) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் (:) இட்டு, இடைவெளி விடாமல் 2021-03-22 என்றும், அவ்வாறே பிஃபோர் (before) என்ற சொல்லுடன் 2021-03-31 என்றும் சேர்த்தால், அந்த ஒரு வாரத்துச் செய்திகள் தனியே பிரிந்து நிற்கும். வேண்டாத சொல்லை விலக்க, அதற்கு முன்னால் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட்டால் போதும்.

இனி அதே பெயரை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் ஏப்ரல் முதல் ஜூலை நடுப்பகுதி வரை நகர்த்திப் பாருங்கள். முற்றிலும் வேறொரு கதை கிடைக்கும். கால்வாய் நிர்வாகம் முதலில் சுமார் 91.6 கோடி டாலர் இழப்பீடு கேட்டதும், பின்னர் அதை 55 கோடியாகக் குறைத்ததும், உடன்பாடு ஏற்படும்வரை கப்பல் எகிப்திலேயே தடுத்து வைக்கப்பட்டு ஜூலை 7 அன்றுதான் புறப்பட்டதும் இந்தக் காலச் செய்திகளில்தான் இருக்கின்றன. கப்பல் மீண்டதோடு விவகாரம் முடிந்தது என்று பலர் நினைத்திருப்பதற்குக் காரணம், செய்திகள் இல்லாமை அன்று. முதல் வாரத்து ஆரவாரத்துக்கு அடியில் அவை புதைந்து கிடப்பதே.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இதிலிருந்தே தெளிவாகும். முதல் வாரத்தில் நிருபர்கள் தரைதட்டல், மீட்பு, இழுவைப் படகு என்று எழுதுவார்கள். மூன்றாம் மாதத்தில் இழப்பீடு, நீதிமன்றம், காப்பீடு என்றே எழுதுவார்கள். நம் மனத்தில் உள்ள கேள்வியை அப்படியே தட்டச்சு செய்வதைவிட, அந்தக் கட்டத்தில் ஒரு நிருபர் எந்தச் சொல்லைக் கையாண்டிருப்பார் என்று யோசிப்பது பலன் தரும். தொடக்கச் செய்திகளில் பெயர்கள் பிழையாக இருப்பதும் உண்டு: கப்பலின் பக்கவாட்டில் அதை இயக்கிய எவர்கிரீன் நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்ததால், அதையே கப்பலின் பெயர் என்று எண்ணி எழுதியவர்கள் பலர். இரண்டு பெயர்களுக்கும் இடையே ஆர் (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டால் இரண்டில் எது இருந்தாலும் கிடைக்கும். காலப்போக்கில் எழுத்துக்கூட்டல் மாறிய பெயர்களுக்கும் இது உதவும். உக்ரைன் தலைநகரின் பெயரை அசோசியேட்டட் பிரஸ் செய்தி முகமை 2019இல்தான் கியெவ் என்பதிலிருந்து கீவ் என்று மாற்றிக்கொண்டது.

தேதி வரம்பை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. பக்கத்திலிருந்து கருவி ஊகித்துக்கொள்ளும் தேதியே அங்கு கணக்கில் வருகிறது. பழைய செய்தியில் ஒரு வரியைத் திருத்தி மறுபடி வெளியிட்டால் அது புதியதாகத் தோன்றக்கூடும். பழைய பக்கமொன்றின் ஓரத்தில் இன்றைய தலைப்புகள் ஓடிக்கொண்டிருப்பதால், நாம் தேடிய சொல் செய்திக்குள் இல்லாமலே அந்தப் பக்கம் முடிவில் வந்து நிற்பதும் உண்டு. சொல் தலைப்பிலேயே இருக்க வேண்டும் என்று இன்டைட்டில் (intitle:) கட்டளையைச் சொல்லுக்கு முன் இட்டு வரையறுத்தால் இத்தொல்லை பெருமளவு குறையும்.

அடுத்து, இருபது தளங்கள் ஒன்றையே சொல்வதால் அது இருபது முறை உறுதிப்பட்டதாகக் கொள்ள வேண்டாம். ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி முகமை அனுப்பிய ஒரே செய்தியை அனைவரும் வெளியிட்டிருக்கலாம். செய்தியில் சற்று வித்தியாசமாக அமைந்த ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, வந்தவற்றுள் மிகப் பழையதைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் மூலம் எது என்று பிடிபட்டுவிடும். சைட் (site:) கட்டளையுடன் முகமையின் தள முகவரியைச் சேர்த்து நேரடியாகவும் தேடலாம். மொழி, பிராந்திய அமைப்பை மாற்றிப் பார்ப்பதும் நல்லது. எவர் கிவன் ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதால், ஜப்பானிய ஊடகங்கள் உரிமையாளர் தரப்பை எப்படி எழுதின என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

தொடர்ந்து கவனிக்க வேண்டிய பொருள் என்றால், மேற்சொன்ன கட்டளைகளால் கூர்மையாக்கிய தேடலையே, புதிய முடிவுகளை மின்னஞ்சலில் அனுப்பும் கூகுள் அலர்ட்ஸில் பதிந்துவிடுங்கள். தேதிக் கட்டளைகளை மட்டும் நீக்கிவிட வேண்டும். வெறும் ஒற்றைச் சொல்லைப் பதிந்தால், சில நாட்களிலேயே அந்த மின்னஞ்சல்களைத் திறக்காமல் நீக்கத் தொடங்கிவிடுவீர்கள். வாரம் ஒருமுறை வருமாறு அமைப்பதே என் வழக்கம்.

இணைப்பைத் திறந்தால் பக்கமே இல்லை என்று வருமானால், முகவரியை நகலெடுத்து, இணையப் பக்கங்களின் பழைய படிவங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இட்டுப் பாருங்கள். பக்கங்களின் நகலைத் தானே சேமித்துத் தேடல் முடிவுகளில் காட்டிவந்த இணைப்பைக் கூகுள் 2024இல் கைவிட்டபின் இதுவே முதன்மையான வழி. இணையத்துக்கு முந்தைய காலச் செய்திகளுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்லிங் அமெரிக்கா போன்ற இலவசத் தொகுப்புகளை நாடுங்கள். அச்சுப் பக்கங்களைக் கணினி படித்துணர்ந்ததில் எழுத்துப் பிழைகள் மிகுதி என்பதால், அங்கே மட்டும் நீண்ட தொடரை மேற்கோளில் இடாமல், ஓரிரு தனிச் சொற்களையும் ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள்.